இருவரும் ஒருவரே

“உன் பித்தப்பையை எடுத்துட்டாங்களாமே?”

ஆறு வருஷம் பேசாமல் இருந்துவிட்டுப் பெரியவள் இப்படித்தான் ஆரம்பித்தாள். நலமா என்று கேட்கவில்லை. யார் பேசுகிறேன் என்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. தன் குரலே போனுக்குள்ளிருந்து தன்னைக் கேள்வி கேட்டால் யாரென்று தெரியாமலா போகும்?

சின்னவள் நாற்காலியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். அலுவலகம் சாப்பாட்டுக்குப் பிந்தைய மந்தத்தில் இருந்தது. கீபோர்டுகள்கூட அரைத் தூக்கத்தில்தான் தட்டிக்கொண்டிருந்தன.

“யார் சொன்னா?”

“ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் சொல்லுது. எனக்குப் பித்தப்பைல கல்லு. வலி வந்தா சுருண்டுடறேன். எடுத்தாகணும்னு டாக்டர் சொல்லி, வியாழக்கிழமைக்கு நாளும் குறிச்சாச்சு. இன்னிக்குப் போனா கவுண்டர்ல இருக்கற பொண்ணு ஸ்கிரீனைப் பாத்துட்டு, ‘உங்களுக்குத்தான் ரெண்டு வருஷம் முன்னாடியே பித்தப்பையை எடுத்தாச்சே’ங்குது. ஸ்கேனைக் காட்டறேன், ‘சிஸ்டத்துல இல்லையே’ங்குது. என் வயித்தைவிட அதுக்கு சிஸ்டம்தான் பெருசு.”

“எந்த ஆஸ்பத்திரில எடுத்ததா போட்டிருக்கு?”

“உன் ஊர் ஆஸ்பத்திரி. நான் அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுத்ததில்ல. என் மூஞ்சியை வச்சுக்கிட்டு அங்க சுத்தறது நீ ஒருத்திதானே. அதான் கேக்கறேன். எடுத்துட்டாங்களா?”

“எடுத்துட்டாங்க.”

போனில் மூச்சு மட்டும் கேட்டது. அந்த மௌனத்தின் நீளத்தைச் சின்னவளால் முன்கூட்டியே சொல்லிவிட முடிந்தது. அவளும் அவ்வளவு நேரம்தான் எடுத்துக்கொண்டிருப்பாள்.

“ரெக்கார்டைச் சரிபண்ணிட்டு வந்தாத்தான் மயக்க டாக்டர் கையெழுத்துப் போடுவாராம்,” என்றாள் பெரியவள், வேறு குரலில். “நீ அந்த மாதிரி ஏதோதானே பண்றே? கம்ப்யூட்டர்ல பெட்டி பெட்டியா வரையறது?”

“ஆமா. பெட்டிதான் வரையறேன்.”

“அப்ப பாத்துச் சொல்லு,” என்று வைத்துவிட்டாள்.

சின்னவளின் வேலையை ஒரே வரியில் சொல்வதென்றால், எது முதலில் கண்ணில் பட வேண்டும் என்று முடிவு செய்வது. ஒரு திரையில் நாற்பது தகவல்கள் இருந்தால் நாற்பதும் ஒரே நேரத்தில் கத்தக் கூடாது. ஒன்று பேச வேண்டும். இரண்டு மூன்று முணுமுணுக்கலாம். மிச்சமெல்லாம் கூப்பிட்டால் மட்டும் வருகிற அடக்கத்தோடு ஓரமாக நிற்க வேண்டும். பேச வேண்டியதற்குப் பெரிய எழுத்து, அடர்ந்த நிறம், சுற்றிலும் தாராளமாக வெற்றிடம். ஓரமாக நிற்க வேண்டியதற்கு வெளிர் சாம்பல். எந்த வெளிர் சாம்பல் என்று தீர்மானிக்க அவள் ஒரு முழு நாளைச் செலவழித்திருக்கிறாள்.

வரைந்து முடித்ததும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரையைப் பார்ப்பாள். கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்கு உலகம் தண்ணீரில் கரைந்த சாயம். அந்தக் கலங்கலிலும் எது தெரிகிறதோ, அதைத்தான் அந்தத் திரை உண்மையில் சொல்கிறது என்பது அவள் கணக்கு.

அந்த அலுவலகம் செய்தது பல ஊர் மருத்துவமனைகளின் நோயாளிப் பதிவுகளை ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்க்கும் மென்பொருள். ஒரே ஆள் மூன்று ஊரில் மூன்று விதமாகப் பதிவாகியிருப்பார். கணினி தனக்குச் சந்தேகம் வந்த பதிவுகளை ஜோடி ஜோடியாக எடுத்து வைக்கும். கீழ்மாடியில் சரிபார்ப்பவர்கள் வரிசையாக உட்கார்ந்து ஒவ்வொரு ஜோடியையும் பார்த்து, ‘ஒருவரே’ அல்லது ‘வேறு வேறு’ என்று அழுத்துவார்கள். மருத்துவமனைக் கவுண்டர்களில் பதிவைக் காட்டும் திரையையும், இவர்கள் பார்க்கும் இந்தத் திரையையும் வரைந்தவள் சின்னவள்.

சரிபார்ப்புத் திரையை வரைவதற்கு முன் நிறைய யோசித்திருந்தாள். பெயரை நம்ப முடியாது. ஒரு ஊரில் முழுப்பெயர், இன்னொரு ஊரில் செல்லப்பெயர், மூன்றாவது ஊரில் தட்டச்சு செய்தவரின் அவசரம். எனவே பெயரைக் கீழே இறக்கி வெளிர் சாம்பலில் வைத்தாள். பிறந்த தேதி, தந்தை, தாய், பிறந்த ஊர், நிரந்தர முகவரி இவையெல்லாம் மேலே, பெரிதாக. இரண்டு பக்கமும் பொருந்தினால் அந்த வரி பச்சையாகும். எல்லா வரியும் பச்சையானால் கண் தடையில்லாமல் வழுக்கி இறங்கி நேராக ‘ஒருவரே’யில் போய் நிற்கும். “யோசிக்கவே வேண்டாம் மேடம், கையே போயிடுது,” என்று சரிபார்ப்பவர்கள் சொன்னார்கள். அவள் தொழிலில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

போனை மேசைமேல் வைத்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. போய்ப் பார்க்க வேண்டியதுகூட இல்லை. ஒரே பிறந்த தேதி. ஒரே அப்பா, அம்மா, ஊர். முகவரியும் ஒன்று. இந்த நகரத்தில் எத்தனையோ வாடகை வீடு மாறியும், நிரந்தர முகவரி என்று கேட்ட இடத்திலெல்லாம் அவள் பிறந்த வீட்டையே எழுதிக்கொண்டிருந்தாள். வேறு எதை எழுதுவது என்று தெரியவில்லை. அந்த வீட்டில் இப்போது பெரியவள் இருக்கிறாள். இரண்டு பேரின் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மேலிருந்து கீழே பச்சைப் பசேலென்றிருக்கும். அவள் தனி ஆள் என்பதற்கான ஒரே அத்தாட்சியான பெயர், அவளே தேர்ந்தெடுத்த வெளிர் சாம்பலில், அடியில்.

சின்ன வயதிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒற்றுமையிலிருந்துதான் ஆரம்பித்தார்கள். அதே மூக்கு, அதே சிரிப்பு, அச்சில் வார்த்த மாதிரி. ஒருவர்கூட வித்தியாசத்திலிருந்து தொடங்கியதில்லை. அதில் மூச்சு முட்டித்தான் சின்னவள் இவ்வளவு தூரம் வந்தாள். வந்து உட்கார்ந்து வரைந்த திரையும் அதையேதான் முதலில் கேட்கிறது.

கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். அழுக்கு ஒன்றும் இல்லை.

பதிவுகளுக்குள் நுழைய அனுமதி உள்ளவன் பக்கத்து வரிசையில் இருந்த புரோகிராமர். எல்லோரும் அவனைக் கொட்டாவி என்பார்கள். வீட்டில் கைக்குழந்தை, எந்நேரமும் வாயைப் பிளந்தபடி இருப்பான். பெயரை அவனே ஒப்புக்கொண்டுவிட்டான். கோப்பையில்கூட அதை எழுதி ஒட்டியிருந்தான்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு அவன் அந்தப் பதிவின் வரலாற்றைப் புரட்டினான். “போன மாசம் சேத்திருக்காங்க மேடம். கீழ, மூணாவது வரிசை.”

சின்னவள் படியிறங்கிப் போனாள். ஏசி குளிருக்குச் சால்வை போர்த்திய ஒரு பெண், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருந்தாள். சின்னவள் பதிவைச் சொன்னாள்.

“ஞாபகம் இல்லியே மேடம். எவ்வளவோ வருது. மேல பச்சையா இருந்துச்சா?”

“இருந்திருக்கும்.”

“பச்சையா இருந்தா அமுக்கிடுவேன். ஏன், தப்பாயிடுச்சா?”

“இல்ல. நீங்க சரியாத்தான் பண்ணியிருக்கீங்க.”

“அப்ப யாரு தப்பு பண்ணது?” என்று கேட்டுவிட்டு அந்தப் பெண் தன் கேள்விக்குத் தானே சிரித்தாள். சின்னவள் படியேறினாள்.

சேர்த்ததைப் பிரிக்க ஒரு கட்டளை உண்டு. அபூர்வமாகத் தேவைப்படுவது சின்னதாக இருக்க வேண்டும் என்ற தன் விதிப்படி, அதை எங்கோ பட்டியலுக்குள் பட்டியலாகச் சின்னவளே புதைத்து வைத்திருந்தாள். இப்போது அது எங்கே என்று அவளுக்கே கிடைக்கவில்லை. கொட்டாவிதான் தோண்டி எடுத்தான்.

“கஷ்டம் மேடம்,” என்றான். “சேக்கறது ஒரே அமுக்கு. பிரிக்கறது அப்படி இல்ல. ஒவ்வொரு வரியா எடுத்து இது இவங்களுது, அது அவங்களுதுன்னு சொல்லணும். ஒரு வரி பாக்கி இருந்தாலும் மூடாது. சம்பந்தப்பட்ட ரெண்டு பேரும் போன்ல இருக்கணும். அப்புறம், இது உங்க சொந்த ரெக்கார்டு, நீங்க தொடக் கூடாது. நான்தான் உட்காரணும்.” கொஞ்சம் தயங்கினான். “நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருப்பேன். பரவால்லியா?”

“வியாழக்கிழமை ஆபரேஷன்,” என்றாள் சின்னவள்.

மறுநாள் காலை கூட்ட அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். பத்துப் பேருக்கான மேசை. ஒரு முனையில் கொட்டாவி லேப்டாப்போடு, பக்கத்தில் சின்னவள், நடுவில் ஸ்பீக்கரில் போட்ட போன். சுவரில் பெரிய திரை வெள்ளையாக எரிந்தது.

“யாரோ இருக்காங்களே அங்க?” என்றாள் பெரியவள்.

“கூட வேலை செய்யறவர். அவர்தான் பிரிச்சுக் கொடுக்கப்போறார்.”

“கொட்டாவி விடற சத்தம் கேக்குது. பிரிக்கும்போது தூங்கிட மாட்டாரே?”

கொட்டாவி வாயை மூடிக்கொண்டான். “இல்லீங்க அக்கா. ஆரம்பிக்கலாம்.”

பிறந்த ஊர் மருத்துவமனை பழைய கோப்புகளைக்கூடக் கணினியில் ஏற்றியிருந்தது. வரிகள் குழந்தைப் பருவத்திலிருந்தே தொடங்கின.

“அம்மை. அஞ்சு வயசு.”

“ரெண்டு பேருக்கும்தான்,” என்றார்கள் இருவரும் ஒரே குரலில், ஒரே வேகத்தில். கொட்டாவி போனைப் பார்த்தான், சின்னவளைப் பார்த்தான், இரண்டு பக்கமும் நகல் வைத்தான்.

“இடது மணிக்கட்டு எலும்பு முறிவு.”

“எனக்கு,” என்றாள் சின்னவள். “சைக்கிள்லேருந்து விழுந்தேன்.”

“விழுந்தாளாம். ஓட்டினது நானு. பின்னாடி உக்காந்து வண்டியை ஆட்டு ஆட்டுன்னு ஆட்டினா.”

“நீ பள்ளத்தைப் பாக்கல.”

“பள்ளம் முந்தின நாள் வரைக்கும் அங்க இல்லடி.”

“கோலிக்குண்டு விழுங்கியது,” என்று வாசித்தான் கொட்டாவி. “மறுநாள் தானாக வெளியேறியதுன்னு போட்டிருக்கு.”

“அது அவ,” என்றாள் பெரியவள்.

“நீ. பச்சைக் கோலி. அம்மா உன்னைத் தலைகீழாத் தூக்கிக் குலுக்கினாங்க.”

“குலுக்கினது உன்னை. நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன்.”

“நான்தான் நின்னு பாத்தேன்.”

இருவருக்கும் ஞாபகம் இருந்தது. இருவருக்குமே நின்று பார்த்த ஞாபகம். விழுங்கியவள் யாரென்று கேட்டால் சொல்ல இப்போது வீட்டில் யாரும் இல்லை. கொட்டாவி அதை ஓரமாக ஒதுக்கிவைத்தான்.

சிறு வயது வரிகள் சீக்கிரம் தீர்ந்தன. ஒருத்திக்குப் பல் பிடுங்கியது, ஒருத்திக்கு மஞ்சள் காமாலை. பிறகு வெகுநாள் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு வரி. கொட்டாவி வாயைத் திறந்தான், மூடினான். லேப்டாப்பைச் சின்னவள் பக்கம் கொஞ்சம் திருப்பினான்.

அவள் மெதுவாக வாசித்தாள். “கருச்சிதைவு. நாலாவது மாசம்.”

“என்னோடது,” என்றாள் பெரியவள்.

“எப்போ?”

“தேதி போட்டிருக்குமே.”

போட்டிருந்தது. அம்மா இறந்த இரண்டாம் வருஷம். சின்னவள் அந்தத் தேதியில் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்துப் பார்த்தாள். பிடிபடவில்லை. எந்தச் சாம்பல் என்று பார்த்துக்கொண்டு இருந்திருப்பாள்.

அவர்களுக்குள் சண்டை என்று சொல்ல எதுவும் நடந்ததில்லை. நடந்திருந்தால் சமாதானம் ஆகவும் வழி இருந்திருக்கும். அம்மா கடைசியாகப் படுத்திருந்தபோது சின்னவள் ஊருக்குப் போய் வாரக்கணக்கில் உடனிருந்தாள். நினைவு தப்பிய அம்மா அவளைப் பெரியவளின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டாள். சின்னவள் முதல் நாள் திருத்தினாள். அப்புறம் திருத்தவில்லை, அந்தப் பெயருக்கே ‘என்னம்மா’ என்று குனிந்தாள். கடைசி இரவு பெரியவள் களைத்துப்போய்ப் பக்கத்து அறையில் கண்ணயர்ந்திருந்தாள். அம்மாவின் கையைப் பிடித்திருந்தவள் சின்னவள். அம்மா அக்காவின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் போனாள். எல்லாம் முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவள் திரும்பப் போகவில்லை. தலைக்கனம் என்று பெரியவள் நினைத்திருப்பாள். நினைக்கட்டும் என்று இவளும் விட்டுவிட்டாள். ஒரு வாரப் பேசாமை ஒரு மாதமானது. அதன்பின் பேச எடுத்தால் ஏன் இத்தனை நாள் பேசவில்லை என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

“யார் இருந்தாங்க உன் கூட?” என்று கேட்டாள்.

“பக்கத்து வீட்டம்மா வந்தாங்க. உங்க மாமா கப்பல் வேலைல கடல்ல இருந்தார். சரி, அடுத்தது என்ன? எனக்கு ரொம்ப நேரம் உக்கார முடியாது.”

கொட்டாவி தொண்டையைச் செருமிக்கொண்டான். “பித்தப்பை அறுவை சிகிச்சை.”

“அது அந்த மகராசியோடது. அதுக்குத்தானே இத்தனை பாடு.”

“அதுக்குக் கீழ இருக்கறதெல்லாம் அதோட சேர்ந்தது,” என்று கொட்டாவி ஒவ்வொன்றாக வாசித்துச் சின்னவள் பக்கம் நகர்த்தினான். “மயக்க மருந்து விவரம். தையல் பிரிச்ச நாள். உடன் வந்தவர்... அண்ணன்.”

“யாரு?” என்றாள் பெரியவள்.

கொட்டாவி திரும்ப வாசித்தான்.

“நமக்கு ஏதுடி அண்ணன்?”

சின்னவள் மேசையில் யாரோ விட்டுப்போன காபி வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “கூட ஆள் இல்லாம வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்னுட்டாங்க. டாக்ஸிக்காரர் வாசல்ல காத்துக்கிட்டிருந்தார். பாவம், அவர் உள்ள வந்து கையெழுத்துப் போட்டார். என்ன உறவுன்னு கேட்டாங்க. அண்ணன்னு எழுதிட்டார்.”

“டாக்ஸிக்காரர்.”

“நல்ல மனுஷன். மாடி வரைக்கும் பையைத் தூக்கிட்டு வந்தார்.”

 போன் இணைப்பு அறுந்துவிட்டதோ என்று கொட்டாவி எட்டிப் பார்த்தான். அறுபடவில்லை, நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

அவன் அந்த வரியின் தேதியைப் பார்த்தான். அவனுக்கும் ஏதோ ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் அந்த வாரம் சின்னவள் விடுப்பு எடுத்திருந்தாள். திரும்பி வந்தபோது, ஊரில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டவன் அவன்தான். சௌக்கியம் என்று அவள் சொல்லியிருந்தாள்.  இப்போது அவன் கீபோர்டை மிக மெதுவாகத் தட்டினான், யாரோ தூங்குகிற அறையில் தட்டுவதுபோல.

“அடுத்தது... அவசரத்துக்குத் தொடர்பு எண். ரெண்டு இருக்கு,” என்று இரண்டையும் வாசித்தான்.

“முதல் நம்பர் உங்க மாமாவோடது,” என்றாள் பெரியவள். “ரெண்டாவது யாரோடது?”

“என்னோடது.”

“உன் ரெக்கார்டுல உன் நம்பரா? உனக்கு அவசரம்னா உனக்கே போன் பண்ணுவாங்களா? நீ மயக்கத்துல எழுந்து வந்து ‘ஹலோ’ம்பியா?”

“உன்னோடது மட்டும் என்ன வாழுதாம்? நடுக்கடல்ல மணி அடிக்குமா?”

பெரியவள் சிரித்தாள். சிரித்த கையோடு ‘ஸ்’ என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டது இந்தப் பக்கம் கேட்டது. “சிரிக்க வைக்காதடி, பாவி. வலிக்குது.”

“அவ்வளவுதான்,” என்றான் கொட்டாவி. “அந்தக் கோலிக்குண்டு மட்டும் பாக்கி. அதை யாருக்காவது கொடுத்தாத்தான் மூடும்.”

எல்லா வரியும் தீரும்வரை முடிக்கும் பொத்தான் சாம்பலாகவே இருக்கும். அதுவும் சின்னவளின் யோசனைதான். சுவரில் அந்த ஒற்றை வரி இரண்டு பதிவுகளுக்கும் நடுவே தொங்கியது.

“அவளுக்கே போட்டுடுங்க தம்பி,” என்றாள் பெரியவள். “எனக்கு ஏற்கெனவே உள்ள கல்லு கிடக்கு. கோலியை அவ வச்சுக்கட்டும்.”

“சரியா மேடம்?”

“போடுங்க,” என்றாள் சின்னவள்.

கொட்டாவி அழுத்தினான். நீளமாக இருந்த பதிவு இரண்டாகப் பிளந்து விலகியது. அவ்வளவுதான், ஓசையே இல்லை.

“முடிஞ்சுதா? நான் ஆஸ்பத்திரிக்குக் கேட்டுப் பாக்கறேன்,” என்றாள் பெரியவள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று சின்னவள் காத்திருந்தாள். அந்தப் பக்கமும் யாரோ காத்திருப்பது போலத்தான் இருந்தது. “சரி, வைக்கிறேன்,” என்று வைத்துவிட்டாள்.

கொட்டாவி லேப்டாப்பை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். கதவருகில் நின்று, “டீ வாங்கிட்டு வரட்டுமா மேடம்?” என்றான். வேண்டாம் என்று தலையசைத்தாள். அவன் சுவர்த் திரையை அணைக்க மறந்திருந்தான். பெரியவளின் பதிவு மறைக்கப்பட்டிருந்தது. சின்னவளுடையது மட்டும் தெரிந்தது. அம்மை, மணிக்கட்டு, கோலிக்குண்டு, பித்தப்பை. அதற்கெல்லாம் கீழே, அவசரத்துக்கு என்ற இடத்தில் அவளுடைய எண், வெளிர் சாம்பலில். பழக்க தோஷத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். வெறும் வெள்ளைதான் தெரிந்தது.

அன்று மதியமே பழைய திரையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பொருந்துகிற வரிகளின் பச்சையை உரித்து எடுத்தாள். அவை சாம்பலுக்குப் போயின. பொருந்தாதது எதுவோ, ஓர் எழுத்தாக இருந்தாலும், அதை மேலே தூக்கி அடர்ந்த கறுப்பில், பெரிதாக, தனியாக நிறுத்தினாள். கண் இறங்கி வரும் வழியில் முதலில் அதில் இடறியாக வேண்டும். கீழ்மாடியில் சால்வைப் பெண்ணிடம் காட்டினாள். அந்தப் பெண் அழுத்தப் போன கையைப் பாதியில் நிறுத்தி, “இதுல நின்னு பாக்க வேண்டியிருக்கே மேடம்,” என்றாள்.

மேலாளரும் அதையேதான் வேறு மாதிரி சொன்னார். “வேகம் குறையுமேம்மா. இருந்தது நல்லாத்தானே இருந்துச்சு? எல்லாரும் பாராட்டினாங்களே.”

“குறையும் சார்.”

“எவ்வளவு குறையும்?”

“ஒரு ஆளை இன்னொரு ஆள்னு நினைக்காம இருக்கற அளவுக்கு.”

அவர் பேனாவால் நெற்றியைச் சொறிந்தார். அடுத்த வாரம் கூட்டத்தில் பேசலாம் என்றார். அவள் சரி என்று வந்துவிட்டாள்.

புதன்கிழமை மாலை அலுவலகம் காலியாகத் தொடங்கியது. கொட்டாவி பையை மாட்டிக்கொண்டு, “அக்காவுக்கு நாளைக்குத்தானே? கேட்டேன்னு சொல்லுங்க,” என்றுவிட்டுப் போனான். சொல்கிறேன் என்றாள். பெரியவளிடமிருந்து எதுவும் வரவில்லை. கூப்பிட வேண்டும் என்று காலையிலிருந்து மூன்று நான்கு முறை போனை எடுத்திருந்தாள். நாளைக்கு அறுக்கப்போகிறவளிடம் என்ன சொல்வது? வலிக்காது என்று சொல்லலாம். வலித்தது. எழுந்ததும் வாய் உலரும், தண்ணீர் கேட்டால் கொடுக்க மாட்டார்கள், பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்று சொல்லலாம். எடுத்த போனை ஒவ்வொரு முறையும் வைத்துவிட்டாள். வா என்று அவள் சொல்லவில்லை. வரட்டுமா என்று இவளும் கேட்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தில் விளக்குகள் ஒவ்வொரு மாடியாக அணைந்துகொண்டு வந்தன. போன் அடித்தது. தெரியாத எண்.

“ஆஸ்பத்திரி அட்மிஷன்லேருந்து பேசறோம்,” என்றது ஒரு பெண் குரல், பெரியவளின் பெயரைச் சொல்லி. “நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?”

“தங்கச்சி.”

“அதான் குரலும் அப்படியே இருக்கு. அவசரத்துக்குக் கூப்பிட ரெண்டாவதா உங்க நம்பரைக் கொடுத்திருக்காங்க. சரியான நம்பர்தானான்னு பாக்கத்தான் அடிச்சோம்.”

சின்னவள் எழுந்து நின்றாள். ஏன் எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

“சரியான நம்பர்தான். முதல்ல யாரு இருக்கா?”

“வீட்டுக்காரர். ரெண்டு தடவை அடிச்சோம், போகல.”

“போகாது. கடல்ல இருக்கார்.”

“அப்படியா? அப்ப உங்களை மேல ஏத்திட்டு அவரைக் கீழ போட்டுடட்டுமா?”

அந்தப் பெண்ணின் விரல் கீபோர்டில் காத்திருப்பது தெரிந்தது. அவள் முன்னால் இருக்கும் திரை எப்படி இருக்கும் என்று சின்னவளுக்குத் தெரியும். அந்த வரி எவ்வளவு கீழே இருக்கிறது, எந்தச் சாம்பலில் இருக்கிறது எல்லாம் தெரியும்.

“மேடம், இருக்கீங்களா?”

“இருக்கேன். மேலயே போடுங்க.” கை தானாக மேசைக்கடியில் பையைத் தேடியது. “இப்ப பஸ் பிடிச்சா விடியறதுக்குள்ள அங்க வந்துடுவேன்.”

“ஐயோ, இல்ல மேடம். வரச் சொல்லிக் கூப்பிடல. சும்மா நம்பரைச் சரிபாக்கத்தான்.”

“தெரியுது,” என்றாள் சின்னவள்.